சாலைப் பலகையிலும் கல்லறை நட்சத்திரத்திலும் ஒரே பெயர்: 'குடியரசின் பெரும்படை' நினைவுச்சின்னங்கள் யாருக்காக?

வினா
பதிந்தவர்: வழிநடைப் பித்தன்

பென்சில்வேனியாவின் வடபகுதியில் 6ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகச் சென்றபோது, 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் நெடுஞ்சாலை' என்று எழுதிய பலகைகளைப் பலமுறை கண்டேன். வழியில் ஒரு சிற்றூரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் இறங்கி நடந்தேன். அங்கே சில கல்லறைகளுக்கு அருகே, தரையில் ஊன்றிய இரும்புக் கம்பியின் தலையில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஜி.ஏ.ஆர். என்ற மூன்று எழுத்துகள். இரண்டும் ஒரே பெயர் என்பது புரிந்தது. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி நான் படித்தவற்றில் போடோமேக் படை, டென்னசி படை, கம்பர்லண்ட் படை என்றெல்லாம் வருகின்றனவே தவிர, இந்தப் பெயரில் எந்தப் படையும் எந்தப் போர்க்களத்திலும் நின்றதாகத் தெரியவில்லை.

பிறகு தேடியபோது, இது போர் முடிந்தபின் வடதரப்பு வீரர்கள் அமைத்த சங்கம் என்று அறிந்தேன். ஐயம் தீரவில்லை; மாறாக, பெருகியது. போருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவது புரிகிறது, தளபதிக்குச் சிலை வைப்பதும் புரிகிறது. போர் முடிந்தபின் கூடிய ஒரு சங்கத்துக்கு ஏன் இத்தனை நினைவுச்சின்னங்கள்? இவற்றை எழுப்பியவர்கள் சங்கத்தாரேயா, அல்லது அரசா? நேரில் சென்று காணத் தக்கவை எவை? போரில் பெரும் பங்கு வகித்த கறுப்பின வீரர்களுக்கு இந்தச் சங்கத்திலும் இதன் நினைவுகளிலும் இடம் இருந்ததா? அறிந்தவர்கள் விரிவாகவே எழுதலாம், பொறுமையாகப் படிப்பேன்.

மறுமொழி 1
பதிந்தவர்: கல்லெழுத்து

உங்கள் முதற்கேள்விக்கான விடை அந்தச் சங்கத்தின் உறுப்பினர் விதியிலேயே இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பதினான்காவது இல்லினாய்ஸ் காலாட்படையில் மருத்துவராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஸ்டீஃபன்சன், 1866 ஏப்ரல் 6 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் டெக்கேட்டர் நகரில் சங்கத்தின் முதல் கிளையைத் தொடங்கினார். படைமுகாமின் சொற்களையே சங்கத்துக்கும் சூட்டினார்கள்: ஊர்க் கிளைக்குப் 'போஸ்ட்', மாநில அமைப்புக்கு 'டிபார்ட்மெண்ட்', ஆண்டு மாநாட்டுக்கு 'என்கேம்ப்மெண்ட்', அதாவது பாசறை. 1861 ஏப்ரலுக்கும் 1865 ஏப்ரலுக்கும் இடையே ஒன்றியத்தின் (அதாவது வடதரப்பின்) தரைப்படையிலோ கடற்படையிலோ பணியாற்றி, நற்சான்றோடு விடுவிக்கப்பட்டவர் மட்டுமே உறுப்பினராகலாம். மகன்களுக்கும் பேரன்களுக்கும் இடமில்லை. அவர்களுக்கென 1881இல் தனிச் சங்கம் உருவாயிற்று. 1890இல் உறுப்பினர் எண்ணிக்கை 4,09,489 என்ற உச்சத்தைத் தொட்டது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தேய்மானம்தான், ஏனெனில் புதிதாகச் சேரத் தகுதியுள்ளவர் பிறக்கவே வழியில்லை. கடைசி உறுப்பினரோடு சங்கமும் மறையும் என்பது தொடங்கிய நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தன் முடிவை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்த ஓர் அமைப்பு, கல்லிலும் வெண்கலத்திலும் கட்டடத்திலும் தன்னை எழுதிவைக்கத் துடித்ததில் வியப்பில்லை என்றே நான் கருதுகிறேன்.

வாஷிங்டனில் பென்சில்வேனியா நிழற்சாலையும் ஏழாம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் ஸ்டீஃபன்சன் நினைவுச்சின்னத்தை முதலில் காணுங்கள். 1909 ஜூலை 3 அன்று திறக்கப்பட்டது; நாட்டின் சார்பில் அதை ஏற்றுக்கொண்டவர் குடியரசுத் தலைவர் டாஃப்ட். ஜான் மாஸி ரைண்ட் என்ற சிற்பி வடித்தது. மூன்று பக்கங்கள் கொண்ட கருங்கல் தூண், ஏறத்தாழ 25 அடி உயரம். பக்கத்துக்கு ஒன்றாகச் சங்கத்தின் மூன்று முழக்கங்களும் உருவம் பெற்றிருக்கின்றன: தோழமைக்கு ஒரு படைவீரரும் ஒரு மாலுமியும், ஈகைக்கு ஒரு குழந்தையை அணைத்து நிற்கும் பெண், பற்றுறுதிக்கு வாளும் கேடயமும் ஏந்திய பெண். ஸ்டீஃபன்சனின் முகம் ஒரு வட்டப் பதக்கமாகத்தான் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பெயரில் அமைந்த சின்னத்தில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. சங்கம் தளர்ந்து, உறுப்பினர்கள் உதிர்ந்துகொண்டிருந்த 1871ஆம் ஆண்டிலேயே, ஐம்பது வயதை எட்டாமல் அவர் இறந்துவிட்டார். 1880களில் அது மீண்டெழுந்து நாட்டின் மிகப் பெரிய முன்னாள் படைவீரர் அமைப்பாக வளர்ந்ததை அவர் காணவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், தூண்களைவிட மன்றங்களே பார்க்கத் தக்கவை. சிகாகோவில் 1897இல் திறக்கப்பட்ட பொது நூலகக் கட்டடத்தின் வடபகுதியில் சங்கத்துக்கென ஒரு நினைவு மண்டபம் அமைந்தது. அந்த நிலத்தின்மேல் முன்னாள் வீரர்கள் தரப்பும் உரிமை கோரியதால், நூலகமும் மண்டபமும் ஒரே கூரையின்கீழ் வருவதென்று உடன்பாடு ஏற்பட்டது. இன்று அது சிகாகோ பண்பாட்டு மையம். தென்பகுதியில் உள்ள டிஃபனி கண்ணாடிக் கவிமாடத்தைப் பார்க்கத்தான் கூட்டம் திரள்கிறது. வடபகுதியில் கரும்பச்சைச் சலவைக்கல் சுவர்களும், ஹீலி மற்றும் மில்லே நிறுவனத்தார் அமைத்த இன்னொரு கண்ணாடிக் கவிமாடமும் அமைதியாக இருக்கின்றன. சங்கத்தின் சேகரங்கள் இப்போது அந்நகரின் ஹெரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் உள்ளன.

பிட்ஸ்பர்க்கில் 1910இல் திறக்கப்பட்ட படைவீரர் மாலுமியர் நினைவு மண்டபம் இதைவிடப் பெரியது. சங்கத்தார் வற்புறுத்த, அலகெனி மாவட்டம் கட்டியது. ஹென்றி ஹார்ன்போஸ்டல் என்ற கட்டடக்கலைஞர், ஹாலிகர்னாசஸ் நகரின் பண்டைய கல்லறை மாளிகையை மனத்தில் வைத்து வரைந்தார். மேடைக்கு மேலே ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை முழுமையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கார்னெகி என்ற சிறு நகரின் நூலகத்தில், தாமஸ் எஸ்பி பெயர் கொண்ட 153ஆம் கிளையின் அறை அப்படியே இருக்கிறது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மறைந்தபின் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து, பிற்பாடு சீர்செய்யப்பட்ட அறை. நாற்காலிகள், சட்டமிட்ட படங்கள், போர்க்களங்களிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் எல்லாம் உள்ளன. பெரிய மண்டபத்தில் நின்றபோது தோன்றாத ஏதோ ஒன்று எனக்கு அந்தச் சிறிய அறையில் தோன்றியது. அவர்கள் எழுந்து போனதுபோலவே இல்லை.

யார் எழுப்பினார்கள் என்று கேட்டீர்கள். ஊர்ச் சதுக்கங்களில் துப்பாக்கியை முன்னால் ஊன்றி நிற்கும் வீரர் சிலைகளில் பல உள்ளூர்க் கிளையும், 1883இல் துணையமைப்பாக ஏற்கப்பட்ட பெண்கள் நிவாரணச் சங்கமும் திரட்டிய பணத்தில் வந்தவை. ஊருக்கு ஊர் ஒரே முகமாகத் தெரிகிறதே என்று நீங்கள் எண்ணியிருந்தால் அது பிரமை அன்று. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த மானுமெண்டல் பிரான்ஸ் என்ற நிறுவனம், பெயரில்தான் வெண்கலம், உண்மையில் துத்தநாகத்தை வார்த்து, 'வெள்ளை வெண்கலம்' என்று பெயரிட்டு, விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றது. நீலங்கலந்த சாம்பல் நிறமும், தட்டினால் எழும் உட்குழிவான ஓசையும் காட்டிக்கொடுத்துவிடும். (தட்டிப் பார்க்க வேண்டாம்; தையல் விட்டுப்போன சிலைகள் பல உள்ளன.)

மறுமொழி 2
பதிந்தவர்: மைல்கல்

நெடுஞ்சாலை பற்றி யாராவது கேட்டால் எனக்குக் கை சும்மா இராது.

1934இல், மாசசூசெட்ஸைச் சேர்ந்த வில்லியம் ஆண்டர்சன் என்ற படை அதிகாரி, 6ஆம் எண் நெடுஞ்சாலைக்குச் சங்கத்தின் பெயரைச் சூட்டலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தார். 1937இல் மாசசூசெட்ஸ் முதலில் ஏற்றது. மற்ற மாநிலங்களை ஒவ்வொன்றாக இணங்கவைப்பதற்கு ஆண்டுகள் பல ஆயின. முழுச் சாலைக்கும் பெயர் சூட்டிய விழா 1953 மே 3 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் நடந்தது. சங்கத்தின் உறுப்பினர்களில் அன்று உயிரோடிருந்தவர் ஒரே ஒருவர், மினசோட்டாவில் இருந்த ஆல்பர்ட் உல்சன். நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹார்ட் அதே ஆண்டு மார்ச்சில்தான் காலமாகியிருந்தார்.

அடுத்து நடந்தது எனக்கு இன்றும் சிரிப்பையும் சற்று வருத்தத்தையும் தருகிறது. 1964இல் கலிஃபோர்னியா தன் சாலைகளுக்கு மறு எண்ணிட்டபோது, 6ஆம் எண் சாலையின் மேற்கு முனையைப் பிஷப் என்ற ஊரோடு வெட்டிவிட்டார்கள். விழா நடந்த லாங் பீச்சுக்கு அந்தச் சாலையே இப்போது வருவதில்லை. கிழக்கு முனை மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன். இடையே ஏறத்தாழ 3,200 மைல், பதினான்கு மாநிலங்கள்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது நான் கவனித்தது: அந்தப் பதினான்கில் ஒன்றுகூடப் பிரிந்துபோன தென் மாநிலம் அன்று. வேண்டுமென்றே அப்படி அமைத்ததாக நான் சொல்லவில்லை. எண்ணிடும் முறைப்படி, வடக்கே இருக்கும் கிழக்கு மேற்குச் சாலைகளுக்குச் சிறிய இரட்டை எண்கள் வந்தன. சாலை முதலில் அமைந்தது, பெயர் பின்னால் வந்தது. ஆயினும் பெயர் சூட்டியவர்களுக்கு அந்தப் பொருத்தம் தெரியாமல் இருந்திருக்காது. யூட்டாவும் கொலராடோவும் போரின்போது மாநிலங்களாகக்கூட இல்லை, வெறும் ஆட்சிப்பகுதிகள்.

நியூயார்க் நகரத்துக்குச் சென்றால் இரண்டு சதுக்கங்களில் இதே பெயரைக் காண்பீர்கள். மன்ஹாட்டனில் வடதரப்புத் தளபதி ஷெர்மனின் சிலை நிற்கும் சதுக்கத்துக்கு 1923இலும், புரூக்ளினில் வெற்றி வளைவு நிற்கும் சதுக்கத்துக்குச் சங்கத்தின் அறுபதாம் ஆண்டான 1926இலும் 'கிராண்ட் ஆர்மி பிளாசா' என்று பெயரிட்டார்கள். சிலையும் வளைவும் அதற்கு முன்பே அங்கு இருந்தவை. புரூக்ளின் சுரங்க ரயில் நிலையத்தில் நாள்தோறும் அந்தப் பெயரைக் கேட்டு இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அதன் பொருளை அறிவார்கள் என்று ஐயுறுகிறேன்.

மறுமொழி 3
பதிந்தவர்: மறுபக்கம்

மேலே எழுதிய இருவரும் சங்கத்தை ஒரு முதியோர் நட்புக் கூட்டமாக மட்டும் காட்டுகிறார்கள். நினைவுச்சின்னங்களின் முன் நிற்கும்போது இன்னொன்றையும் அறிந்து நிற்பது நல்லது: அது தன் காலத்தில் நாட்டின் வலிமை மிக்க அரசியல் அழுத்தக் குழுக்களில் ஒன்று. கிராண்ட், ஹேஸ், கார்ஃபீல்ட், பெஞ்சமின் ஹாரிசன், மெக்கின்லி என ஐந்து குடியரசுத் தலைவர்கள் அதன் உறுப்பினர்கள்; ஐவரும் ரிபப்ளிகன் கட்சியினர். ஜி.ஏ.ஆர். என்பதை 'ஜெனரலி ஆல் ரிபப்ளிகன்ஸ்' (பொதுவாக எல்லோரும் ரிபப்ளிகன்கள்) என்று விரித்து எதிர்த்தரப்பினர் கேலி செய்தார்கள் என்றால் அதில் காரணம் இருந்தது. 1890இல் ஹாரிசன் கையொப்பமிட்ட ஓய்வூதியச் சட்டத்தின்படி, தொண்ணூறு நாள் பணியாற்றி, உடலுழைப்புக்கு இயலாதவராக இருந்தால் போதும். அந்த இயலாமை போரால் வந்ததா, பிறகு வந்ததா என்ற கேள்வியே இல்லை. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் கூட்டரசின் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் படைவீரர் ஓய்வூதியத்துக்கே போயிற்று. சிலைக்குச் சந்தா கேட்டவர்களும் வாக்குக்கு நிபந்தனை வைத்தவர்களும் ஒரே ஆட்கள்தாம்.

1887இல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் கைப்பற்றிய தென்தரப்புக் கொடிகளை அந்தந்த மாநிலங்களிடமே திருப்பித் தரலாம் என்று குடியரசுத் தலைவர் கிளீவ்லண்ட் இசைந்தார். கெட்டிஸ்பர்க் போரில் ஒரு கையை இழந்த லூசியஸ் ஃபேர்சைல்ட் அப்போது சங்கத்தின் தலைமைத் தளபதி. அவர் பொதுமேடையில் சீறிய சீற்றத்தில் நாடே அதிர்ந்தது. ஆணை சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. 1905இல்தான், காங்கிரசின் தீர்மானத்தோடு, கொடிகள் திரும்பிச் சென்றன. எந்தப் பொருள் எங்கே தொங்க வேண்டும் என்பதில் இவ்வளவு கடுமையாக நின்றவர்கள், தங்கள் நினைவுச்சின்னங்களை வெறும் அழகுக்காக வைத்திருக்க மாட்டார்கள்.

கறுப்பின வீரர்களைப் பற்றிய கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. ஒன்றியத் தரைப்படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். சங்கத்தின் விதியில் நிறத்தைப் பற்றிய சொல்லே கிடையாது. அந்தக் காலத்துக்கு அது சிறிய செய்தி அன்று. வடமாநிலங்களில் இரு நிறத்தாரும் சேர்ந்திருந்த கிளைகள் இருந்தன. அதே சமயம், உறுப்பினரைச் சேர்க்க வாக்கெடுப்பு உண்டு. பெட்டியில் கறுப்புக் குண்டு போட்டு ஒருவரைத் தடுத்துவிடலாம். ஆகவே விதி திறந்திருந்தாலும் கதவு சில ஊர்களில் மூடியே இருந்தது. கறுப்பின வீரர்கள் தங்களுக்கென்று தனிக் கிளைகள் அமைத்துக்கொண்டார்கள். லூசியானா, மிசிசிப்பி பகுதியின் வெள்ளை உறுப்பினர்கள் தனி மாநில அமைப்பு கேட்டபோது, 1891இல் டெட்ராய்ட்டில் கூடிய தேசியப் பாசறை அதை மறுத்துவிட்டது. மறுத்தது அவர்களுக்குப் பெருமை. ஊர்க் கிளைகளில் நடந்ததை அந்த மறுப்பு மாற்றிவிடவில்லை.

காண வேண்டிய இடங்களின் பட்டியலில் தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கறுப்பின வீரர்களால் ஆன டேவிட் ஹன்டர் கிளை 1896இல் கட்டிய மரக் கூடம் இன்றும் நிற்கிறது. சிகாகோவின் சலவைக்கல்லோடு ஒப்பிட்டால் சாதாரணக் கட்டடம்தான். போரைத் தொடங்கிய மாநிலத்திலேயே, விடுதலை பெற்றவர்கள் ஒன்றியப் படையின் சங்கத்துக்குத் தங்கள் கைப்பணத்தில் கூடம் கட்டினார்கள் என்பதால், இந்தத் திரியில் பேசப்பட்ட எல்லாவற்றிலும் அதற்குத்தான் நான் முதலிடம் தருவேன். வாஷிங்டனில் கறுப்பின வீரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவிடம் வந்தது 1998இல். அதாவது ஸ்டீஃபன்சன் தூணுக்கு எண்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

வினா எழுப்பியவர்
பதிந்தவர்: வழிநடைப் பித்தன்

மூவருக்கும் நன்றி. பியூஃபோர்ட் கூடத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

இன்னும் ஓர் ஐயம். நான் கண்ட நட்சத்திரங்களில் ஒன்றன் அருகே இருந்த கல்லில் இறந்த ஆண்டு 1911 என்று இருந்தது. இன்னொன்றில் கல்லே இல்லை, நட்சத்திரம் மட்டும் நின்றது. சற்றுத் தள்ளி, கேடய வடிவம் குடைந்த வெள்ளைக் கல் ஒன்று இருந்தது. அதற்கு நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் இருந்தால் போரில் மாண்டவர் என்று என்னோடு வந்த நண்பர் உறுதியாகச் சொன்னார். அது சரியா?

மறுமொழி 4
பதிந்தவர்: கல்லெழுத்து

உங்கள் நண்பர் சொன்னதற்கு நேர்மாறானதே உண்மை. சங்கம் பிறந்தது 1866இல். போரில் மாண்டவர் அதன் உறுப்பினராக இருந்திருக்கவே முடியாது. நட்சத்திரம் போரிலிருந்து உயிரோடு திரும்பியவரின் அடையாளம். பெரும்பாலும் உள்ளூர்க் கிளையோ, பிற்காலத்தில் வாரிசுகளின் சங்கமோ ஊன்றியது. அதன் பின்புறத்தில் ஒரு குழல் இருக்கும். மே மாத இறுதியில் சிறு கொடியைச் செருகுவதற்காக. ஆயினும் ஓர் எச்சரிக்கை: சங்கத்தில் சேராத ஒன்றிய வீரர்களின் கல்லறைகளிலும் சிலர் இதை ஊன்றியிருக்கிறார்கள், புல் வெட்டும்போது பிடுங்கி இடம் மாற்றி நட்டதும் உண்டு, பழைய உலோகத்துக்காகத் திருடியவர்களும் உண்டு. ஆகவே நட்சத்திரத்தைத் துப்பாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளக் கூடாது.

கேடயம் குடைந்த வெள்ளைச் சலவைக்கல் அரசு கொடுத்தது. 1873 முதல் தேசியக் கல்லறைத் தோட்டங்களுக்கும், 1879ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின், பிற தோட்டங்களில் கல்லின்றிப் புதைக்கப்பட்ட ஒன்றிய வீரர்களுக்கும் இத்தகைய கற்கள் வழங்கப்பட்டன. அதில் பிறப்பையும் இறப்பையும் தேட வேண்டாம்; பெயர், அணி, படைப்பிரிவு, அவ்வளவுதான். கல் அரசுடையது, நட்சத்திரம் தோழர்களுடையது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்த வகைக் கற்களில் நான் தேடிச் சென்று பார்த்த ஒன்று, இல்லினாய்ஸின் சோனமின் என்ற சிற்றூரில் உள்ளது. 95ஆவது இல்லினாய்ஸ் காலாட்படையில் போரிட்ட ஆல்பர்ட் கேஷியர், பிறப்பால் பெண். ஆணாகவே படையில் சேர்ந்து, போர் முடிந்தபின்னும் ஆணாகவே வாழ்ந்தவர், சங்க உறுப்பினர். முதுமையில் மருத்துவமனையில் செய்தி வெளிப்பட்டபோது பழைய படைத்தோழர்கள் அவரைக் கைவிடவில்லை. 1915இல் இறந்தபோது சீருடையோடும் படை மரியாதையோடும் அடக்கம் செய்து, ஆல்பர்ட் கேஷியர் என்ற பெயரையே கல்லில் பொறித்தார்கள். 'தோழமை' என்ற சொல்லுக்கு வாஷிங்டன் தூணில் இருக்கும் உருவத்தைவிட இந்தக் கல்லே நல்ல உரை.

நட்சத்திரத்தின் வடிவம் உறுப்பினர் பதக்கத்திலிருந்து வந்தது. கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கிய வெண்கலத்தில் அந்தப் பதக்கங்கள் செய்யப்பட்டன. நடுவில் ஒரு படைவீரரும் மாலுமியும் கைகுலுக்குவார்கள். ஸ்டீஃபன்சன் தூணில் நிற்பவர்களும் இவர்களே.

கொடி செருகும் நாளைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாதது எனக்கு வியப்பு. சங்கத்தின் தலைமைத் தளபதி ஜான் லோகன் 1868 மே 5 அன்று பிறப்பித்த 11ஆம் எண் பொது ஆணை, அவ்வாண்டு மே 30இல் தோழர்களின் கல்லறைகளுக்கு மலர் சூட்டுமாறு கிளைகளைப் பணித்தது. அன்று ஆர்லிங்டனில் உரையாற்றியவர் கார்ஃபீல்ட். அதற்கு முன்பே தங்கள் ஊரில் மலர் சூட்டினோம் என்று உரிமை கோரும் ஊர்கள் பல உண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1865 மே முதல் நாளன்றே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஒன்றிய வீரர்களின் புதைகுழிகளைச் செப்பனிட்டு மலர் தூவி ஊர்வலம் சென்றார்கள். யார் முதல் என்ற வழக்கில் நான் நுழைய விரும்பவில்லை. நாடெங்கும் ஒரே நாளில் நடக்குமாறு செய்தது லோகனின் ஆணை. 1971 முதல் மே மாதக் கடைசித் திங்கட்கிழமைக்கு நாள் மாறிற்று. வாரிசுச் சங்கத்தார் மே 30ஐயே மீட்க வேண்டும் என்று இன்றும் கேட்டுவருகிறார்கள்.

மறுபக்கம் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஓய்வூதியத்துக்காக அவர்கள் போட்ட கூச்சல் உண்மை. ஆனால் கைகால் இழந்து ஊர் திரும்பியவருக்கு வேறு யார் பேசியிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கடைசியாக, கெட்டிஸ்பர்க் சென்றால் ஸீக்லர் தோப்பில் இருக்கும் ஒரு வெண்கலச் சிலையைத் தவற விடாதீர்கள். கைத்தடியோடு அமர்ந்திருக்கும் முதியவர். சங்கத்துக்கான நினைவுச்சின்னம் அது. மேலே மைல்கல் குறிப்பிட்ட ஆல்பர்ட் உல்சன்தான் அவர். 1949இல் இண்டியானாபொலிஸில் நடந்த கடைசிப் பாசறைக்கு வர முடிந்தவர்கள் ஆறே பேர். அதற்கென மூன்று சென்ட் அஞ்சல்தலை ஒன்றும் வெளியாயிற்று. உல்சன் 1956 ஆகஸ்ட் 2 அன்று டுலூத் நகரில் இறக்க, சங்கம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று சிலை திறக்கப்பட்டது. அவர் கெட்டிஸ்பர்க்கில் போரிட்டவர் அல்லர். 1864இல் மினசோட்டாவின் கனரகப் பீரங்கிப் படையில் முரசு கொட்டும் சிறுவனாகச் சேர்ந்து, சண்டையையே காணாமல் திரும்பியவர். பெரும் போர்களில் நின்ற லட்சக்கணக்கானோரின் சார்பில் அங்கே அமர்ந்திருப்பவர் அவர். சுற்றிலும் தளபதிகள் பலர் குதிரைமேல் இருக்க, இவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வினா எழுப்பியவர்
பதிந்தவர்: வழிநடைப் பித்தன்

கல் இல்லாமல் நின்ற நட்சத்திரத்தின் படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகளுக்குக் கீழே ஏதோ ஓர் எண் மங்கலாகத் தெரிகிறது. அது கிளையின் எண்ணாக இருக்குமா? இருந்தால், யாருடையது என்று கண்டறிய வழி உண்டா?

மறுமொழி 5
பதிந்தவர்: மைல்கல்

பெரும்பாலும் கிளை எண்ணாகவே இருக்கும். பென்சில்வேனியாவின் கிளைகளுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே வரிசையில் எண்ணிட்டார்கள். எண்ணைக் கொண்டு கிளையின் பெயரையும் ஊரையும் பிடித்துவிடலாம். ஒவ்வொரு கிளையும் உறுப்பினர் பதிவேடு வைத்திருந்தது. பல கிளைகள், உறுப்பினர்கள் தாம் கண்ட போரைத் தாமே சொல்லச் சொல்லி எழுதிவைத்த தோல் அட்டைப் பெரும்புத்தகம் ஒன்றையும் வைத்திருந்தன. மாவட்ட வரலாற்றுக் கழகத்திலோ ஊர் நூலகத்திலோ விசாரியுங்கள். கல்லறைத் தோட்டத்தின் அடக்கப் பதிவேட்டில் அந்த இடத்துக்கான வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள். நட்சத்திரம் இடம் மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். படத்தை இங்கே ஏற்றுங்கள், எண்ணைப் படிக்க நானும் முயல்கிறேன்.